இருநூறு கோடி வருஷக் குடித்தனம்

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பது. அப்புறம் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பது. தேதி தெரிகிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலமும் தெரிகிறது. சரி, இன்றைக்குத் தப்பித்தோம் என்று பல் துலக்கப் போவேன். என் மனைவிக்கு இந்தக் கூத்து பிடிக்காது. “காலங்காத்தால ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு யாருக்குச் சிக்னல் போடுறீங்க?” என்பாள்.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவன் என்று குடும்பத்தில் பேர் வாங்கியவன். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் அக்கா சொல்வாள். அந்தச் சக்கரம் போன வருஷத்திலிருந்து நிற்கவே இல்லை. அதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு பழைய பூச்சி. பூச்சி என்றால் படித்தவர்கள் அடிக்க வருவார்கள். நுண்ணுயிர் என்று வைத்துக்கொள்வோம்.

என் பிழைப்பே நுண்ணுயிர்களோடுதான். மலேசியாவில், மலாக்காவுக்குப் பக்கத்துப் புக்கிட் ரம்பாயில் ரப்பர் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவும் அம்மாவும் ரெம்பியாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். நான் அதே பாலைக் கழுவிய தண்ணீரைக் கட்டி மேய்க்கிறேன். குடும்பம் முன்னேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தை நினைத்து ஏங்குகிற ஆள் நான் இல்லை. அட்டைக்கடிதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் முதல் குளத்தில் காற்று புகாது. மேலே தடித்த ஆடை படிந்திருக்கும். அடியில் இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் என்றால் விஷம். பூமியில் காற்றில் ஆக்சிஜனே இல்லாத காலத்தில் உருவான கூட்டம் அது. சேற்றுக்குள் கிடந்து கழிவைத் தின்று, குமிழி குமிழியாக மீத்தேன் விடும். இரண்டாவது குளத்தில் நேர் எதிர். அங்கே பெரிய விசிறி போட்டுத் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. விசிறி நின்றால் சாகத் தொடங்கிவிடும், மறுநாள் நாற்றம் குடியிருப்பு வீடுகள் இருக்கும் தாமான் வரைக்கும் போகும். இந்த இரண்டு வீட்டாருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. உட்காரத் தெரியாதவனுக்கு ஏற்ற உத்தியோகம்.

முன்பு ஒருமுறை கம்பெனியில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் எடுத்த அம்மையார் கடைசி நாளில் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னார். உங்கள் முதல் குளத்து ஆட்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்றும், இரண்டாவது குளத்து ஆட்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்றும் எப்போதோ ஒன்றாகக் குடித்தனம் நடத்தப் போயின. அதிலிருந்து வந்ததுதான் மரம், காளான், மீன், நாய், நீங்கள் எல்லாரும் என்றார். மற்றவர்கள் சான்றிதழுக்குக் காத்திருந்தார்கள். எனக்கு மட்டும் அது மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து கைபேசியில் கிடைத்ததை எல்லாம் பார்ப்பேன், படிப்பேன். பாதி புரியும்.

புரிந்த பாதி இதுதான். இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னால், கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், ஆக்சிஜனைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு பாக்டீரியா இன்னொரு நுண்ணுயிருக்குள் போய்விட்டது. விழுங்கப்பட்டதா, தானே புகுந்துகொண்டதா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படியோ, உள்ளே போனது செரிக்கவில்லை. வாடகை கொடுத்துக்கொண்டு குடியிருக்கத் தொடங்கிவிட்டது. வாடகை என்பது அது ஆக்கித் தரும் சக்தி. அதற்கு முன்னால் உலகத்தில் இருந்த உயிர் எல்லாம் ஒற்றைச் செல்லாகச் சும்மா கிடந்தது. அந்தச் சக்தி வந்த பிறகுதான் உயிருக்கு உடம்பு, கை, கால், கண் என்று ஆசை வந்தது. அந்தக் குடித்தனக்காரனுக்கு இப்போது மைட்டோகாண்ட்ரியா என்று பேர். நம் உடம்பின் செல்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது.

குடிவந்தது தன் மரபணுவில் பெரும்பகுதியைக் காலப்போக்கில் வீட்டுக்காரன் அலமாரியிலேயே வைத்துவிட்டது. கொஞ்சத்தை மட்டும் முந்தானை முடிச்சில் தனக்கென்று வைத்துக்கொண்டது. அந்த முடிச்சு பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். அப்பாவின் விந்தோடு போகும் கொஞ்சநஞ்சத்தைக் கருமுட்டை அழித்துவிடும். எங்கள் தாமானில் என் வீட்டுத் தெருமுனையில் ‘ஜாலான் மாத்தி’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். மேலே வழி இல்லை, திரும்பிப் போ என்று அர்த்தம். இந்த விஷயத்தில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் அந்தத் தெருதான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு வம்சம், வாரிசு என்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அது யாரோ எவரோ பற்றிய வேடிக்கையாக இருந்தது.

அக்கா மகனுக்கு இருபத்திரண்டு வயது. மலாக்கா டவுனில் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. மயிரிழை மாதிரிக் கம்பியைப் பற்றவைக்கிற கை அது. ஒருநாள் கடையில், விளக்கு மங்கலாக இருக்கிறது என்று முதலாளி தவுக்கேயிடம் சண்டை போட்டிருக்கிறான். விளக்கு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. முதலில் வலது கண்ணில் நடுவில் ஒரு புகைத் திட்டு. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. கொஞ்ச நாளில் இடது கண்ணிலும் அதே திட்டு. இப்போது அவனுக்கு எதிரில் இருப்பவரின் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. அதனால் யாரிடம் பேசினாலும் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பான். தெரியாதவர்கள் திமிர் என்று நினைப்பார்கள்.

அத்தான் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. தாய்மாமன் என்ற முறையில் நான்தான் காடி ஓட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் அழைத்துப் போனேன். ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அக்கா, அவள் மகன், மகள், நான் நான்கு பேரும் டாக்டர் அறையில் இருந்தோம். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து, உள்ளே சின்னச் சின்னதாய் அவரை விதை மாதிரி வரைந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என் குளத்து ஆளின் சொந்தக்காரன் என் மருமகன் கண்ணில் வந்து நின்றுவிட்டான்.

அந்த முந்தானை முடிச்சில் ஓர் எழுத்து தவறிப்போயிருக்கிறது. எப்போது தவறியதோ, எந்தப் பாட்டிக்குப் பாட்டியிடமோ. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புக்குச் சக்தி ஏராளமாக வேண்டும். அது கிடைக்காமல் அந்த நரம்பு வாடிவிட்டது. டாக்டர் மெதுவாக மலாயில் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா வழியாக வருவது என்று சொன்னதும் அக்கா நிமிர்ந்தாள்.

“நான் குடுத்ததா?” என்று தமிழிலேயே கேட்டாள்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை எந்தப் பாஷையில் கேட்டாலும் புரிந்திருக்கும். யார் மேலும் குற்றம் இல்லை, இது தெரிந்து கொடுப்பது இல்லை என்றார். அம்மா வழி என்றது மட்டும்தான் அக்கா காதில் நின்றது. பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார். ஒரே அம்மாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்களுக்கும் இருக்கும், ஆனால் இருக்கிற எல்லாருக்கும் பார்வை போகாது, ஆண்களுக்குத்தான் அதிகமாகப் போகிறது, சிகரெட்டை இன்றைக்கே விட்டுவிடுங்கள், உங்களிடமிருந்து உங்கள் பிள்ளைக்குப் போகாது என்றார். எனக்கு ஒரே மகள். அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

அப்புறம் அவர் அக்கா மகளைப் பார்த்தார். அவளுக்கு இருபத்தைந்து வயது. தம்பியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். உங்களுக்கும் இருக்கும், உங்களுக்குப் பார்வை போகும் வாய்ப்பு குறைவு, ஆனால் உங்களுக்குப் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது போகும், அதில் யாருக்கு நோயாக வரும் என்று சொல்ல முடியாது என்றார். அவள் தலையை ஆட்டினாள். ‘தெரிமா காசே’ என்று நன்றி சொன்னாள். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். உட்காருங்கள் என்று டாக்டரே சொல்ல வேண்டியதாயிற்று.

இது நடந்தபோது என் மகளுக்குக் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவளே பார்த்து, எங்களிடம் சொல்லி, நாங்கள் போய்ப் பேசிய சம்பந்தம். பையன் நல்ல பையன். அவர்களுக்குத் தெங்கேராவில் பூஜைச் சாமான் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. முதல் முறை போனபோது அக்காவும் அவள் மகளும் எங்களோடு வந்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு அக்கா மகளைப் பிடித்துவிட்டது. வயது என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்டார். தன் அண்ணன் மகன் ஒருவன் இருக்கிறான் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அக்கா முகத்தில் அன்றைக்கு இருந்த சிரிப்பை நான் வெகு காலமாகப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி முடிவைச் சம்பந்தி வீட்டில் சொல்லலாமா என்று நானும் மனைவியும் தயங்கிக்கொண்டே இருந்தோம். எங்கள் மகளுக்குத்தான் இல்லையே, பிறகு என்ன என்று ஒத்திப்போட்டோம். அதற்குள் அக்காவே போய்ச் சொல்லிவிட்டாள். வேண்டுமென்று இல்லை. மகனுக்காக அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளித் தகட்டில் செய்த ஒரு ஜோடிக் கண். எந்தக் கடையிலும் வாங்கியிருக்கலாம். ஆனால் அவள் என்ன நினைத்தாள்? வெளிக்கடையில் வாங்குவதற்கு நம் சம்பந்தி கடையிலேயே வாங்கலாமே, அவர்களுக்கும் ஒரு வியாபாரம் ஆகட்டுமே என்று பஸ் ஏறித் தெங்கேராவுக்குப் போயிருக்கிறாள். எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு பாசம் தோன்றும்.

கல்லாவில் சம்பந்தியம்மா. “யாருக்கு அக்கா கண்மலர்?” என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். சாமிக்கு வாங்குகிற பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, அங்கேயே அழுதிருக்கிறாள். அவர்களும் கூட அழுதிருக்கிறார்கள். கண்மலருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுகூட மறுத்தார்களாம். அடுத்த வாரம் சம்பந்தி எனக்குப் போன் பண்ணினார். “பரிசம் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசணும், வீட்டுக்கு வாங்கலா” என்று மலேசிய ‘லா’ சேர்த்துக் கூப்பிட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அந்த மரியாதைதான் பயமுறுத்தியது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ரைஸ் குக்கர் தவிர வேறு எதுவும் அமைதியாக இல்லை. என் மனைவி சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம்.

“நேரா சொல்லுங்க. நோய் ஒங்கம்மா வழி. எம்மக எம்மூலமா வந்தவ. அவளுக்கு இல்ல. ஒங்கக்கா புள்ளைங்களுக்கு மட்டும்தான். டாக்டரே சொல்லியாச்சு. இதச் சொல்ல ஒங்களுக்கு என்னா கஷ்டம்?”

“இதைச் சொன்னா, எங்கக்கா மக கதை என்னா ஆகும்?”

“நான் எம்மகளப் பாக்கணுமா, ஊரப் பாக்கணுமா?”

கஷ்டம் அதுதான். என் மகளைக் காப்பாற்றுகிற வாக்கியத்தின் வால் பகுதி அக்கா மகளைப் போட்டு அடிக்கும். முன்பாதியை மட்டும் சொல்லி நிறுத்த வழியே இல்லை. எங்கள் பெண்ணுக்கு இல்லை என்றால், பின்னே யாருக்கு என்று கேட்பார்கள். அம்மா வழி என்றால், அந்த அம்மாவின் பெண்ணுக்கு என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மலாக்கா மாதிரிச் சின்ன ஊரில், பூஜைச் சாமான் கடையில் தெரிந்த விஷயம் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் கோயில் வாசலுக்கும் போய்விடும். வாயை மூடிக்கொண்டால் என் மகள் கல்யாணம் நின்றுபோகும். இரண்டு பெண்களும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள்.

மகளிடம் கேட்டேன். அவள் மழுப்பவில்லை. “எனக்கு அவரு வேணும்பா. அவளும் அழக்கூடாது. நீங்க எப்படியாவது பண்ணுங்க” என்றாள். எப்படியாவது என்ற சொல்லுக்கு நான் அன்றைக்கு எங்கே போவேன்?

அக்கா வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, “ஒங்கத்தான் வீட்டு வியாதின்னு சொல்லிடு தம்பி. செத்தவரு வந்து கேக்கவா போறாரு?” என்றாள். நான் கத்திவிட்டேன். அத்தான் கடைசி வரைக்கும் கண்ணாடி போடாமல் பேப்பர் படித்தவர். அவருக்குத் தம்பிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்குக் கோபம் வந்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. அந்தப் பொய் எடுபடும். பிள்ளை அப்பன் வீட்டுச் சொத்து என்று நினைக்கிற நம் ஆட்கள், நோயும் அப்பன் வீட்டிலிருந்துதான் வரும் என்று கேள்வி கேட்காமல் நம்புவார்கள். ஒரு நிமிஷம் எனக்கே ஆசை தட்டியது. அந்த ஆசை மேல்தான் கத்தினேன். அக்கா கோப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

வேலையிலும் நிலைகொள்ளவில்லை. சிகரெட் விட்ட கை சும்மா இருக்காமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. விசிறி ஓடுகிறதா என்று போய்ப் பார்ப்பேன். ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து முதல் குளத்தில் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். வரும். இவை எதற்கும் கல்யாணம் காட்சி கிடையாது, ஒன்று இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும். இவற்றின் மூதாதைகள் அன்றைக்கு அவரவர் வீட்டில் சும்மா இருந்திருந்தால் எனக்கு இந்தத் தொல்லை இல்லை என்று ஓர் ஆத்திரம் வந்தது. நானும் இருந்திருக்க மாட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு குச்சியை எடுத்துக் குளத்து ஆடையைக் குத்தினேன். நாற்றம்தான் மிச்சம்.

போகிற நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வரவில்லை, பழத்தட்டைக் கொடுத்துவிட்டு வரத் தன் மகளை அனுப்பிவைத்தாள். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “நானும் வரேன் மாமா” என்று வந்து காடிப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் எதிரில் இருந்தால் என் வாயில் அது வராது, அந்தப் பொறுப்பு என்னை விட்டுப் போகும் என்று எனக்குள் ஒரு நிம்மதி. மனைவிக்கு அது உடனே புரிந்துவிட்டது. தெங்கேரா போய்ச் சேரும் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வீடு முன்பக்கம் ஒடுங்கி, உள்ளே நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. கடையிலிருந்து சாம்பிராணி வாசம் கூடம் வரைக்கும் வரும். சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டார். சம்பந்தியம்மா கோப்பி கொண்டுவந்தார். பையன் வேலைக்குப் போயிருந்தான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் பார்க்கிங்கைப் பற்றியும் பேசினோம். பிறகு சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

“தப்பா நெனைக்காதீங்கலா. அக்கா மவன் விஷயம் கேள்விப்பட்டோம். ரொம்ப வருத்தம். டாக்டர் பரம்பரைன்னு சொன்னாராமே. நாளைக்கு நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணு, பேரப்புள்ளைங்க... ஒரு வார்த்தை நீங்க தெளிவா சொல்லிட்டீங்கன்னா எங்களுக்கு மனசு நிம்மதி.”

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“அண்ணே, பூமி உண்டான புதுசுல காத்துல ஆக்சிஜனே கெடையாது” என்றேன்.

சம்பந்தி தலையாட்டினார். “சரி.”

“அப்ப இருந்த உயிரு எல்லாம் சின்னச் சின்னது. கண்ணுக்கே தெரியாது. எங்க கம்பெனி மொதக் குளத்துல இருக்குமே, அந்த மாதிரி. அதுக்கப்புறம் ஒரு வகை வந்திச்சு. பச்சை நெறம். சூரிய வெளிச்சத்தத் தின்னு ஆக்சிஜன விட ஆரம்பிச்சிருச்சு. பழைய கூட்டத்துக்கு அது வெசம். பாதி செத்துச்சு, பாதி சேத்துக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சு.”

“இது எப்ப நடந்தது?”

“இருநூறு கோடி வருஷத்துக்கு மேல இருக்கும்.”

அவர் தன் மனைவியைப் பார்த்தார். “அப்ப நம்ம ஆளுங்க யாரும் இல்லை” என்றார் கவலையோடு.

“யாருமே இல்லண்ணே. மரமே இல்ல” என்றேன். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்த வாக்கியம் வந்துவிடும் என்று பயம். ஒரு செல் இன்னொன்றுக்குள் போன கதையைச் சொன்னேன். உள்ளே போனது எப்படிச் சாகாமல் பிழைத்தது என்று சொன்னேன். ஸ்பஞ்சு வந்தது, மீன் வந்தது, மீன் கரையேறியது, எதற்கோ டைனோசரையும் இழுத்தேன். எழுந்து நின்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மனைவி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். சம்பந்தியம்மா, “கோப்பி ஆறுதுங்க” என்றார். அவர்களைச் சொல்லிக் குற்றம் இல்லை. பேரப்பிள்ளைக்குக் கண் தெரியுமா என்று கேட்டவர்களுக்கு நான் உலகம் தோன்றிய கதையை ஓட்டிக்கொண்டிருந்தேன். கதை எவ்வளவு நீண்டாலும் கடைசியில் அக்கா மகளிடம்தான் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

“அந்த உள்ள போனது இருக்கே, அது புள்ளைக்கு அம்மாகிட்டேருந்து...” என்று சொல்லி நின்றுவிட்டேன்.

“அங்கிள்” என்று ஒரு குரல் கேட்டது. பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்கா மகள் நேராக உட்கார்ந்திருந்தாள்.

“மாமா இதுக்கு மேல சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். இது எங்க பாட்டிகிட்டேருந்து வந்தது. பாட்டிக்குப் பொறந்த ரெண்டு பேருக்கும் இருக்கு. எங்கம்மாவுக்கும் மாமாவுக்கும். ஆனா ஆம்பளைங்ககிட்டேருந்து புள்ளைக்குப் போகாது. அதனால மாமா பொண்ணுக்கு இல்ல. அவளுக்குப் பொறக்கப்போற புள்ளைங்களுக்கும் இல்ல. எங்கம்மா புள்ளைங்களுக்குத்தான். தம்பிக்கு இருக்கு, எனக்கு இருக்கு. எனக்குப் புள்ளை பொறந்தா அதுக்கும் இருக்கும். நீங்க வேணும்னா எந்த டாக்டர்கிட்டயும் கேட்டுக்கலாம்.”

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள். குரல் உடையவில்லை. கை மட்டும் முழங்கால் மேல் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

சம்பந்தி மெல்ல மூச்சு விட்டார். “அப்ப சரி” என்றார். அந்த ‘அப்ப சரி’ என் காதில் தேனாக விழுந்தது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க முடியாது. என் மகள் தப்பித்தாள் என்று உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி. அதற்கப்புறம்தான் எதிரில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். பார்க்கவே முடியவில்லை.

சம்பந்தியம்மா எழுந்து போய்க் குங்குமச் சிமிழ் கொண்டுவந்தார். என் மனைவிக்குக் கொடுத்தார். அக்கா மகளுக்குத் தன் கையாலேயே நெற்றியில் வைத்துவிட்டு, அவள் கன்னத்தைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அண்ணன் மகன் பேச்சு அன்றைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பரிசத்துக்கு நாள் பார்த்துவிட்டு, பழத்தை அரிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தோம்.

திரும்பும்போது நான் போக வேண்டிய திருப்பத்தைத் தவறவிட்டேன். அடுத்ததையும் விட்டேன். மனைவி முன்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நினைத்தது நடந்துவிட்ட முகமாக அது இல்லை. கடைசியில் நான்தான் கண்ணாடியில் அக்கா மகளைப் பார்த்துக் கேட்டேன்.

“ஏம்மா சொன்ன?”

“நீங்க டைனோசருக்கு வந்துட்டீங்க மாமா. அங்கிருந்து எங்கம்மாகிட்ட வர்றதுக்குள்ள அவங்க கடையே சாத்திருப்பாங்க.”

எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. சிவப்பு விளக்கில் நின்றேன். இனிமேல் உன்னைப் பார்க்க யார் வருவார்கள், நானே போய் நாலு இடத்தில் பேசுகிறேன், படித்தவன் எவனாவது கிடைப்பான் என்று என்னென்னவோ உளறினேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வர்றவன் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும் மாமா. தெரியாம வந்து அப்புறம் எங்கம்மாவ மாதிரி ஒக்காந்து யாரு குடுத்ததுன்னு கேக்க வேணாம். ஆனா எனக்குப் புள்ளை வேணும். அத நான் விடப்போறதில்ல.”

நான் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். “அதுக்கும் கண்ணு போச்சுன்னா?”

பச்சை விழுந்து, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் காடியை எடுத்தேன்.

“எனக்குப் பொறக்குற புள்ளைக்குத் தாய்மாமன் யாரு?” என்றாள்.

“உன் தம்பிதான்.”

“காது குத்துறப்ப அவன் மடியிலதான் ஒக்கார வைப்பேன். அவன் கெட்டியா புடிச்சுக்குவான். மடிக்கு எதுக்கு மாமா கண்ணு?”

என் மனைவிதான் முதலில் அழுதாள்.